எழுபத்திரண்டு அல்ல, எண்பத்திரண்டு

பலெர்மோ,
புதன்கிழமை.

அன்புள்ள மகள் சிவானுஜாவுக்கு,

இரண்டு வருடம் உன்னோடு பேசாமல் இருந்தது போதும். நானும் அம்மாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகம் என்பதை, ஞாயிறுதோறும் அம்மாவின் போனுக்குப் பக்கத்தில் காது கேளாதவன் போல் உட்கார்ந்து அறிந்துகொண்டுதான் இருந்தேன். ஏன் பேசவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீ வேலை செய்யும் மாநில எரிவாயுத் திணைக்களம் இரண்டு வருடத்துக்கு முன் வெளியிட்ட அறிக்கையை, பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் கிணறு வீடுகளிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு அடி தள்ளி இருக்கத் தேவையில்லை, ஐந்நூறு போதும் என்று இருந்தது, கீழே உன் கையெழுத்து. ஏழாம் பக்கத்தில், குடிதண்ணீர் கெட்டுவிட்டதென்று முறைப்பாடு செய்த வீடுகள் ஒரு ஊரில் முப்பத்தேழும் அடுத்த ஊரில் நாற்பத்தைந்தும் சேர்ந்து எழுபத்திரண்டு என்று கூட்டியிருந்தது. ஏழு வயதில் என் கூட்டலையே திருத்தியவள் நீ. தேடிப் பார்த்தால் எரிவாயுக் கம்பனிகளின் சங்கம் வெளியிட்ட சிறு புத்தகத்திலும் அதே எழுபத்திரண்டு, அதே வசனங்கள். அவர்கள் எழுதித் தந்ததற்கு நீ கையெழுத்து வைத்திருக்கிறாய் என்று அன்றே விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த நான் இருபத்திரண்டு வருடமாக இங்கே மற்றவர்களின் சட்டி கழுவுவது இதற்காகவா என்று கோபம். உன் மாமா உமாசுதன் ஒரு கலியாண வீட்டில் எல்லோருக்கும் கேட்க, அத்தான்ரை மகள் இப்ப கம்பனிக்காரற்றை ஆளாம் என்று சிரித்ததை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை.

நேற்று ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில், மத்தியானச் சாப்பாட்டுக்காரர் போனபிறகு, நாலு மணிக்கு, அங்கே மீன் பொரிக்கும் நம்மூர் வலன்ரைன் தன் போனை எலுமிச்சம்பழப் பெட்டியில் சாய்த்து வைத்தான். கிணற்றுத் தூரத்தைக் குறைக்கலாமா என்று உங்கள் மாநிலச் சபை நடத்தும் விசாரணை நேரடியாக ஓடியது. சங்கத்தின் வழக்கறிஞர், இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆம், கையெழுத்து என்னுடையது, எழுதியது உங்கள் ஆட்கள், வேலை நிரந்தரமாகாது என்ற பயத்தில் சரிபார்க்காமல் வைத்தேன் என்றாய். பிறகு ஏழாம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, எழுபத்திரண்டு அல்ல, எண்பத்திரண்டு என்றாயே பிள்ளை, பின்வரிசையில் இருந்த, தண்ணீர் கெட்ட அந்த வீட்டுக்காரர் எழும்பிக் கைதட்டினார்கள். நான் கணவாய் கழுவிய கையோடு துள்ளியதில் இரண்டு பீங்கான் உடைந்தது. யார் கோல் அடித்தது என்று முதலாளி ஓடிவர, இவரின் மகள் என்றான் வலன்ரைன். என் பக்கம் திரும்பி, மாஸ்ரர், இனியாவது பிள்ளையோடை கதையுங்கோ, உங்கடை மூஞ்சையைப் பாத்துப் பாத்து மீனெல்லாம் கெட்டுப்போகுது என்றான். பதினொன்றுக்கு ஆறு வாக்கில் பழைய தூரமே நிற்கும் என்று வந்தபோது முதலாளி எல்லோருக்கும் வைன் ஊற்றினார், பீங்கானைப் பற்றிக் கேட்கவேயில்லை. உமாசுதனுக்கு நானே போன் எடுத்தேன். ஓம் அத்தான், நானும் பாத்தனான் என்றான், இருந்தும் முதலிலிருந்து சொன்னேன்.

உன் மேலதிகாரி உன்னை லீவில் அனுப்பிவிட்டாராம், அம்மா கவலைப்படுகிறாள். வேலை போனால் போகட்டும், இன்னொன்று வரும். நேரத்துக்குச் சாப்பிடு, ரிக்கெற் எடுத்து வா. அம்மா மிளகாய்த்தூள் பார்சல் அனுப்புகிறாள், கொண்டுவருபவன் கையெழுத்துக் கேட்பான், வாசித்துவிட்டு வை. நல்லூர்க் கந்தன் உன்னைக் கைவிடமாட்டான், நீ நன்றாக இருப்பாய்.

அம்மா பக்கத்தில் நின்று, தேப்பனும் மகளும் ஒரே பிடிவாதம், கையெழுத்தை வையுங்கோ என்கிறாள். வைக்கமாட்டேன். நீ எழுதாததன் கீழே உன் கையெழுத்து இரண்டு வருடம் கிடந்தது. நான் எழுதிய இது என் கையெழுத்து இல்லாமல் கொஞ்ச நாள் கிடக்கட்டும். வரும்போது இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுவா, நீ பார்த்திருக்க வைக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், இப்படியே தபாலில் போடப்போகிறேன்.