இரண்டு நிமிடத்தில் எத்தனை

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை முடித்து எழுந்து வந்தால், இவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். உதவப் போனேன். "விடு" என்றார். விட்டேன். நான்கு பொத்தான், பதினொரு நிமிடம்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்து இது நான்காவது மாதம். பிசியோதெரபி அம்மா இனி வாரம் ஒருமுறைதான் வருவார்களாம். "கட்டைவிரலால இரண்டு நிமிஷத்துல எத்தனை தடவை அழுத்தறார்னு தினமும் குறிச்சு வைங்க. ஏறுதான்னு பார்க்கணும்" என்றார்கள். ரப்பர் பந்தை இன்று அழுத்தியது பதினான்கு முறை. அவர்களே எண்ணினார்கள்.

தையல் கடை முதலாளி மே 4 வரை இவர் இடத்தில் வேறு ஆள் போடமாட்டாராம். அதற்குள் கை கத்தரியைப் பிடித்தால் இவர் மறுபடி கட்டிங் மாஸ்டர். இல்லையென்றால் இல்லை. முதலாளியையும் குறை சொல்வதற்கில்லை.

இருபத்திரண்டு வருஷம் துணி வெட்டிய கை. ஆண்டவனே, உனக்குத் தெரியாததா.

மார்ச் 5, வியாழன்

கடிகாரத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தப்புகிறது. எண்ணினால் நேரம் தப்புகிறது. நடுவில் குக்கர் வேறு.

கருவி செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை; பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் புத்தகமும், அதைப் பார்த்துச் சுட்டுக்கொண்ட விரல்களும்தான். ஆனாலும் போன வருஷம் அடுப்படிக்குச் செய்த டைமர் இன்றைக்கும் கூவுகிறதே!

உதிரிபாகக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வீட்டுல மேட்ச்சா? ஸ்கோர் போர்டு மாதிரி இருக்கே" என்றார்.

"ஆமாங்க, மேட்ச்தான். ஆடறது அவர், எண்ணறது நான்."

மார்ச் 8, ஞாயிறு

முடிந்தது. 555 என்ற டைமர் ஐசி, நேரம் பார்க்கும் சின்னச் சில்லு, இரண்டு நிமிடத்துக்குக் கதவு திறந்து வைத்து மூடிவிடும். அது திறந்திருக்கும் வரை, பொத்தானை அழுத்த அழுத்தக் கவுண்டர் ஐசிகள் எண்ணிச் சிவப்பு எழுத்தில் காட்டும். இரண்டு இலக்கம். நேரத்தைச் சரியாக்க மட்டும் ஒன்பது தடவை திருகினேன்.

கடைப் பொத்தான் சின்னது, இவர் விரல் வழுக்குகிறது. அதனால் நானே செய்தேன் — இரண்டு பித்தளைத் தகடு, மேலே பவுடர் டப்பாவின் மூடி. தொட்டால் எண்ணும். அழகாக இருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

நான் ஈயம் உருக்கி ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணனுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவீங்கன்னு பார்த்தா, ஈயப்புகை போடறீங்களே அண்ணி" என்றாள்.

"எண்ணெய் சாயங்காலம். புகை காலையில."

முதல் ஆட்டம்: 62.

அறுபத்திரண்டு! பந்தில் பதினான்கு, பொத்தானை அழுத்துவது பந்தைவிட லேசு, அதனால்தான் என்று நினைக்கிறேன். இவர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். நாலு மாதத்தில் இவராக எதையாவது கேட்டது இதுதான் முதல்.

மார்ச் 11, புதன்

64. தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் கருவி சுழியத்துக்குத் திரும்பிவிடும். மூன்றாவது இலக்கம் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்த்தால் போகிறது!

மார்ச் 14, சனி

58. தூக்கம் சரியில்லையாம்.

மார்ச் 18, புதன்

51.

மார்ச் 21, சனி

44. ஏன்? சாப்பாடு அதேதான். மாத்திரை ஒன்றுகூட விடவில்லை, பட்டியலைச் சரிபார்த்துவிட்டேன். என் பிரார்த்தனையில்தான் ஏதாவது குறையா? "பொறுமையா இருங்கம்மா" என்றார்கள் பிசியோதெரபி அம்மா. நோட்டைப் பார்த்தபோது மட்டும் அவர்கள் முகம் மாறியது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

39.

இவர் பொத்தானைத் தள்ளி வைத்தார். எறியவில்லை, மெதுவாகத் தள்ளினார். எறிந்திருந்தால்கூடத் தேவலை.

"முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிடு. அவர் ஆள் பார்த்துக்கட்டும். எனக்காகக் காத்திருந்து அவர் கடை கெட வேணாம்."

"மே வரைக்கும் இருக்குங்க."

"நீ எழுதின கணக்குதானே? ஏறுதா இறங்குதான்னு நீயே சொல்லு."

என் கையெழுத்தில், என் கோட்டில், வரிசையாக இறங்கிக் கிடக்கிறது. நாளைக்குப் போடறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எப்படிப் போடுவேன்? எந்த வாயால சொல்லுவேன்?

மார்ச் 25, புதன்

போன் போடவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் போன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கு முன், போன் போடும் பயத்தில்தான், ஒரு சாக்காகக் கருவியைச் சோதித்தேன். நானே இருபது தடவை படபடவென்று அழுத்தினேன். 22 காட்டியது. நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று எழுந்துவிட்டேன்.

அடுப்படி வாசல்வரை போனேன். கால் போகவில்லை. இருபதுக்கு இருபத்திரண்டு என்றால், மளிகைக் கணக்கில் விடுவேனா நான்? கடைசி வரியிலிருந்து முதல் வரிவரை கூட்டிப் பார்க்காமல் உறங்கியிருக்கிறேனா?

திரும்பி வந்தேன். இந்தத் தடவை ஆண்டவன் நாமத்தை ஒரு அழுத்தத்துக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டு. மறுபடி 22. அப்புறம்தான் உறைத்தது, நான் அழுத்துவது என்னை மாதிரி. இவரை மாதிரி அழுத்திப் பார்த்தால்? மெதுவாக, தயங்கி, விரல் நடுங்க. இருபது நாமம்.

71.

புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் படிக்காமல் தாண்டிய பக்கத்தில் இருக்கிறது. ஒரு தகடு இன்னொன்றைத் தொட்டவுடன் நின்றுவிடாதாம். தரையில் விட்ட பந்து மாதிரி துள்ளித்தான் அடங்குமாம். நம் கண்ணுக்கு ஒன்று, கவுண்டருக்கு மூன்று நான்கு. படக்கென்று அழுத்தினால் துள்ளல் குறைவு. தயங்கி அழுத்தினால் தகடுகள் உரசி உரசி, தொட்டு விட்டுத் தொட்டு...

அப்படியானால் அந்த 62 பொய். 64 பொய். கை உறுதியாக உறுதியாகத் துள்ளல் குறைந்திருக்கிறது. துள்ளல் குறையக் குறைய எண் இறங்கியிருக்கிறது. இவர் கை தேறிக்கொண்டே வந்ததைத்தான் நான் தேய்கிறது என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பாவி! ஒரு மனுஷன் வேலையை விடற அளவுக்கு எழுதி வெச்சிருக்கேன்!

இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் அழுத்த, நான் வாயால் எண்ணினேன். கருவி 39. என் வாய்க் கணக்கு 34.

"இந்த மாசம் மூணாந்தேதி பதினாலுங்க. இன்னைக்கு முப்பத்தி நாலு. நடுவுல இருக்கறதெல்லாம் என் பொத்தான் விட்ட புளுகு."

துள்ளலைச் சொன்னேன். தகடுகளை விரலால் காட்டினேன். பந்தும் பொத்தானும் ஒன்றில்லை, முப்பத்தி நாலில் எத்தனை நிஜ முன்னேற்றம் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது, ஆனால் இறங்கவில்லை என்பது நிச்சயம் என்றும் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது போதும்.

இடது விரலால் தகடுகளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அப்புறம்:

"அப்ப நான் ரெண்டு வாரமா அழுதது உன் தகரத்துக்காகவா?"

"தகரம் இல்லீங்க. பித்தளை."

சிரித்துவிட்டார். ஒரு பக்கம் வாய் இன்னும் கொஞ்சம் கோணித்தான் போகிறது. போகட்டும்.

மார்ச் 26, வியாழன்

உதிரிபாகக் கடையில் ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன கெப்பாசிட்டர். "இவ்வளவுதானா?" என்றார் கடைக்காரர். "இவ்வளவு இல்லாமத்தான் ஒரு குடும்பமே குப்புற விழப் பார்த்துச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இரண்டும் சேர்ந்து துள்ளலை விழுங்கிவிடுகின்றன. மெதுவாக இருபது, 20. படபடவென்று இருபது, 20. ஐந்து தடவை சோதித்துவிட்டுத்தான் இவரிடம் கொடுத்தேன்.

35.

பழைய எண்களை அடிக்கவில்லை. பக்கத்தில் "பொத்தான் பிழை, என் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

38. பிசியோதெரபி அம்மாவிடம் முழுக்கதையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் அழுத்திப் பார்த்தார்கள். பந்திலும் எண்ணினார்கள். இருபத்தைந்து. "ஏற்றம்தான்மா" என்றார்கள்.

நாத்தனார்: "அண்ணி, ஆஸ்பத்திரிக்காரங்க தப்புன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே. இப்ப என்ன சொல்ல?" பித்தளை என்று சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

47. காகிதத்தில் கத்தரி. பழைய செய்தித்தாள். நேராக வரவில்லை, ஆனால் வந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

45. இறங்கியிருக்கிறது. நிஜமாகவே இறங்கியிருக்கிறது. நேற்று காகிதம் அதிகம் வெட்டிக் கை வலி. இவரே சொன்னார், "எழுதிக்கோ, நாளைக்கு ஏறும்."

ஏப்ரல் 28, செவ்வாய்

53. போர்வைத் துணி வெட்டினார். பெரிய கத்தரி. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன். கத்தரிச் சத்தம் நிற்காமல் கேட்டது.

மே 4, திங்கள்

போயிருக்கிறார். அரை நாள்தான் முதலில். வாசலில் நின்று பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலில் நின்று பார்த்தேன்.

மே 13, புதன்

சாயங்காலம் முகம் சிவக்க வந்தார். ஒரு சட்டையின் காலர் அரை அங்குலம் கோணலாக வெட்டிவிட்டாராம். முதலாளி எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டாராம். "என்ன மாஸ்டர் இது, கண்ணை எங்க வெச்சுட்டு வெட்டறீங்க?"

"கண்ணைன்னுதான் கேட்டார். கையைன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பவும் அதையே சொன்னார்.

சாப்பாடு இன்று இரண்டு கரண்டி கூட. கருவியை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். மறந்து தூங்கிப்போனார். நானும் எழுப்பவில்லை.