புல்லின் மேல் நீல நிழல்

கர்த்தருக்குள் பிரியமான என் அண்ணன் மகளுக்கு,

நம் ஊர் விவசாயக் கண்காட்சியில் உன் படத்துக்கு முதல் பரிசு. ஸ்தோத்திரம்! பெண்கள் வரைந்ததையெல்லாம் பெண்கள் பகுதியில் ஜாம் பாட்டில்களுக்குப் பக்கத்தில்தானே வைப்பார்கள்? நீ பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டிருந்ததால், யாரோ ஆம்பளை என்று நினைத்துப் பெரிய மண்டபத்திலேயே மாட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் நடுவர்கள் முழித்த முழி இருக்கே, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நீ படம் வரையப் படிக்க மெல்போர்னுக்குப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத உன் அப்பா, அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இது நம்ம ஒத்தைக்கொம்பு மாடுல்ல?"

"ஆமாண்ணே. உங்க மக வரைஞ்சது."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "புல்லுல விழுற நிழல் எங்கயாவது நீலமா இருக்குமா? கிறுக்கச்சி!"

அன்று சாயங்காலம் பால் கறந்து முடித்தும் ஆள் வீட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால், மேய்ச்சல் நிலத்தில் நின்று மாட்டின் நிழலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சூப்பு ஆறுதுண்ணே."

"இரு. நீலமாத்தான் இருக்கு."

மறுநாள் காலையில் ஏணி போட்டு, உன் அறை ஜன்னலை மறைத்திருந்த யூகலிப்டஸ் கிளையை வெட்டினார்.

"எதுக்குண்ணே?"

"உள்ள வெளிச்சம் பத்தாது."

கிறிஸ்துமஸுக்கு வா, வண்ணப் பெட்டியோடு வா.

உனக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கும்
அத்தை