சக்கையைத் திருத்தியவர்

சென்னை,
12-6-1951

அன்புள்ள முத்துக்கனிக்கு,

நான் சுகம். உன் இருமல் விட்டதா? அம்மைக்கு என் வணக்கத்தைச் சொல்.

என் கதை அச்சில் வந்துவிட்டது. மாமியார் மருமகனுக்குச் சக்கை வெட்டி வைப்பதாக நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்தேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர், "என்னய்யா, பிழிந்து எறிகிற சக்கையையா மாப்பிள்ளைக்குப் போடுவாள்?" என்று சிரித்துவிட்டுப் பலாப்பழம் என்று திருத்தினார். மகா படிப்பாளியாம்! அவருடைய குறிப்பேடு முழுக்க அடுத்தவன் புத்தகத்தில் பொறுக்கிய நிலாவும் தென்றலும்தான். மனிதர் வாயில் வந்த பேச்சு ஒரு வரி கிடையாது.

அந்த எரிச்சலோடு அறைக்கு வந்து என் குறிப்பேட்டைத் திறந்தேன். போன வாரம் நானே, யாரும் திருத்தாமல், பலாப்பழம் என்று எழுதி வைத்திருக்கிறேன். தூ!

உன் போன கடிதம் 'பிராணநாதருக்கு' என்று தொடங்கியது. அது எழுதிக்கொடுத்த வாத்தியாரின் புளுகு. நீயானால், "சோறு தின்னியளா, பட்டினியா கெடக்கியளா?" என்றுதான் கேட்டிருப்பாய். இனி நீ சொல்வதைச் சொன்னபடியே எழுதச் சொல். என்னை வைதாலும் சரி. இதை உனக்கு வாசித்துக் காட்டுகிற வாத்தியாரும் கேட்டுக்கொள்ளட்டும்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. கொஞ்சம் சக்கை வற்றல் அனுப்பு. பொட்டலத்தின்மேல் மட்டும் சக்கை என்று எழுதிவிடாதே; இந்த ஊரில் குப்பையென்று எறிந்துவிடுவார்கள்.

உன்,
கோலப்பன்