உன் அப்பாவின் ஸ்லைடு

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, ஏன் என்று எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும், அதுதான் என் கோபம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்கள் லேபுக்கு, ஒரு சதைத்துண்டை மெழுகில் பதித்து அனுப்பியிருந்தார்கள், எங்கள் டாக்டரம்மாவும் பார்த்துச் சொல்லட்டும் என்று. மேலே எண் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒழுங்கான செல் எவ்வளவு நிதானமாகப் பிரியும் என்று நீதான் உன் ஆராய்ச்சியைப் பற்றி ஃபோனில் கதை கதையாகச் சொல்வாய், முதலில் வளரும், குரோமோசோமையெல்லாம் இன்னொரு பிரதி எடுக்கும், பிழை இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் நின்று சரிசெய்யும், அப்புறம்தான் இரண்டாகும் என்று. இதில் நிற்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை, கண் வைத்த இடமெல்லாம் செல்கள் பிரிந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ரொம்ப வேகமா இருக்கு, பாவம் யாரோ, என்றார்கள். ஆமாம்மா என்று சொல்லிவிட்டுப் போய் டீ குடித்தேன். டீ குடித்தேனடி. திரும்பி வந்து ரிப்போர்ட் அனுப்ப, துண்டோடு வந்த தாளை எடுத்தால் உன் அப்பா பெயர், நம் வீட்டு விலாசம்.

வீட்டுக்கு வந்து கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, குடல்ல கட்டி, ரெண்டு மாசமா தெரியும், அம்மா தாங்கமாட்டாங்க, இப்ப சொல்லாதீங்கன்னு பாப்பாதான் சொன்னா, என்கிறார். பட்டறைக்கு உதிரிபாகம் வாங்கப் போவதாகச் சொன்ன இரண்டு நாளும் பரிசோதனைக்குத்தானாம். இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொன்னதும் நீதானாம், அது எந்த லேபுக்குப் போகும் என்று கேட்க உன் படிப்புக்குத் தோன்றவில்லையா? ஊரில் எத்தனை பேர் வீட்டு நோயைப் பார்த்த கண் இது, என் வீட்டு நோயை என்னிடம் சொல்ல உங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது, கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இனி ஆறு மாதம் மருந்து ஏற்றவேண்டும், செல் பிரிவதைத் தடுக்கிற மருந்து. முடி வேரும் வாயின் உள்தோலும்கூட வேகமாகப் பிரிகிறவைதானே, அதனால் முடி கொட்டலாம், வாயெல்லாம் புண்ணாகலாம். நான் விடுப்பு எடுத்துவிட்டேன். அவரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, கோபமாகவே ஊட்டுகிறேன், அவரும் பேசாமல் வாயைத் திறக்கிறார்.

இனி எந்த ரிப்போர்ட்டும் நான் படித்த பிறகுதான் உனக்கு வரும். நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு உட்காராதே. நீ நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், இந்தக் கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன். பத்தாம் தேதி முதல் மருந்து, அதற்குள் வந்து சேர். டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல், அப்பாவிடம் சொல்லாதே, ஒரு விஷயமாவது அவருக்குத் தெரியாமல் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா