சண்டைக்கார மதினிக்கு

மதினி,

இன்று காலை தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது ஜீப்புக்குள் ஈரமண் வாசம் அடித்தது. மற்றவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆடி மழையில், ஏலக்காய்த் தோட்டத்து லயத்து வீட்டில் நாம் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். மேலே லாரி கல் கொட்டுவதுபோல் சத்தம். என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். வாசலை எட்டுவதற்குள் மலை வீட்டுக்குள் வந்துவிட்டது. இடுப்புவரை சேறு, தலைக்குமேல் மடங்கிய தகரம். இருட்டில் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது.

"கத்தாத புள்ள. ஆள் சத்தம் கேக்கையில கத்துவோம்" என்றீர்கள்.

குளிரில் எனக்குக் கண் சொருகியது. சாவது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் ஆரம்பித்தீர்கள்.

"என் பச்சச் சேலையக் கட்டிட்டுப் போயி கிழிச்சிட்டு வந்தியே, ஒரு வார்த்த சொன்னியா?"

"நானா கிழிச்சேன்? அது இத்துப் போன சேல!"

"இத்துப் போச்சா? ஒங்க அண்ணன் தீவாளிக்கு எடுத்தது!"

"எங்க அண்ணனுக்குச் சேல எடுக்கத் தெரியும்னு நீங்கதான் சொல்லணும்!"

சேலையிலிருந்து என் கல்யாணத்துக்கும், அங்கிருந்து என் மாமியாருக்கும் போனீர்கள். நானும் விடவில்லை. மண்வெட்டிச் சத்தம் கேட்டபோதும் சண்டை ஓயவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து கத்தினோம்.

வெளியே தூக்கியபோதுதான் பார்த்தேன், உங்கள் வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து திரும்பியிருந்தது.

"இதோடயா மதினி சண்ட போட்டீக?"

"அழுதா ஓஞ்சுருவ. கோவம் வந்தா முழிச்சிருப்ப. எனக்கும் வலி தெரியல பாரு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் உயிரோடு வரவில்லை. ஊருக்கு வந்த பிறகு அவர்களுக்காக நாள்கணக்கில் அழுதோம். அப்போது நீங்கள் என்னைத் தடுக்கவில்லை. மறு வருஷம் நொண்டிக்கொண்டே ஜீப்பில் முதல் ஆளாக ஏறினீர்கள். மலையே கொண்டுபோகாத உங்களை, போன தையில், வெயில் காயும் பகலில் ஒரு நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது.

இன்று பாதிவழியில் வண்டி நின்றது. முன்னால் மண் சரிந்து பாதை அடைத்திருந்தது, மழையும் வலுத்தது. புதிதாக வேலைக்கு வரும் பெண் என் பக்கத்தில் நடுங்கத் தொடங்கினாள்.

"ஏத்தா, நேத்து என் தூக்குச்சட்டிய நீதான எடுத்த?" என்றேன்.

விருட்டென்று நிமிர்ந்தாள். "ஒங்க சட்டிய நா எதுக்கு எடுக்கப் போறேன்?"

வெளிறிப்போயிருந்த முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது. பாதை திறக்கும்வரை நான் அவளை விடவில்லை.

ஜீப்பில் எல்லோரும் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள், மதினி. கேட்க நன்றாக இருக்கிறது.