வாயும் விரலும்

செவ்வாய்க்கிழமை, மாசாய்

இன்று நாலாவது மாடியில் ஒரு வீடு. வளரிளம் பெண்களின் உடல்நலக் கணக்கெடுப்பு. பதினாறு வயதுப் பெண்ணிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

"தாராளமா கேளுங்க லா, நான் குசினிக்குப் போறேன்," என்றார் அவள் அம்மா. போகும்போது டிவியை அணைத்துவிட்டுப் போனார். சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான்.

மாதவிடாய் வலியால் பள்ளிக்குப் போகாமல் இருந்ததுண்டா என்று கேட்டேன்.

"இல்லக்கா," என்றாள், குசினிக்குக் கேட்கிற குரலில். அதே நேரம் அவள் விரல் என் தாளில் 'ஆம்' என்ற கட்டத்தை அழுத்தியது.

கிளினிக் போக வீட்டில் விடுவார்களா?

"விடுவாங்கக்கா." விரல் 'இல்லை'யின் மேல் நின்றது. நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள்.

விரல் காட்டியதைக் குறிக்கப் போனேன். அதற்குள் அம்மா மைலோ கலக்கிய கோப்பையோடு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் கண் முழுக்கத் தாள் மேல்தான். அவள் வாயால் சொன்னதையே குறித்தேன். என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போது வாசலில் அம்மா கேட்டார்: "எங்க பிள்ளைக்கு ஒன்னும் இல்லன்னு எழுதிட்டீங்கதானே?"

"எழுதிட்டேன்க்கா."

அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

படியில் நின்று இரண்டு பதில்களையும் திருத்தினேன். தாளில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. அதை வைத்து யாரும் உதவ அவளைத் தேடிப் போகப் போவதில்லை. நான் திருத்தியதும் அவளுக்குத் தெரியாது. அவள் காதில் விழுந்தது, வாசலில் நான் சொன்னது மட்டும்தான்.