எர்த் சுவிட்ச்

ஜூன் 9, ஞாயிறு
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பக்கத்துத் தெருவில் தறி ஓடாத ஒரே நாள், அதனால் இன்றுதான் லேபில் அளவெடுப்பு. மற்ற நாட்களில் அந்த அதிர்வு கருவி வரைக்கும் வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை: கருவியைக் குளிர்விக்கும் ஹீலியம். பம்ப் எண்ணெய். எர்த் சுவிட்ச். அதைப் போடாமல் கேபிளைக் கழற்றினால் நம் உடம்பில் இருக்கும் மின்சாரமே கருவிக்குள் இருக்கும் சிப்பை, அந்தச் சின்னச் சில்லை, எரித்துவிடும். அதில் இருப்பது நூலைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பி, எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகப் போகிற பாதை. தாங்காது.

கேபிளில் கை வைத்ததும் முதுகுக்குப் பின்னால், "எர்த் போட்டாச்சுங்களா?" அருளின் குரல். திரும்பினேன். பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போய் மூன்று மாதம். மஞ்சள் காமாலை.

ஜூன் 10, திங்கள்
தறிச் சத்தம். வேலை ஓடவில்லை. பழைய பதிவேட்டை எடுத்தேன், எடுத்திருக்கக் கூடாது. போன வருடம் முதல் சில்லு எரிந்த நாள். "எர்த் போட மறந்தது நான். அருள்."

எங்கள் இருவரின் மூன்று வருட உழைப்பு. எங்களிடம் இருந்த ஒரே நல்ல சில்லு. கைடு சார் எல்லோர் முன்பும் திட்டினார், தலையைக் குனிந்து நின்றான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் எர்த் போடாமல் கேபிளைக் கழற்றியது நான். அவன் தன் மறதி என்றே நம்பினான். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். சீ.

ஜூன் 12, புதன்
டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் அவன் பிடரி. இறங்கும்போது பார்த்தால் வேறு யாரோ. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் அம்மாவிடமாவது சொல்லியாக வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு
அளவெடுப்பு இல்லை. செவ்வாய்ப்பேட்டை, அருள் வீடு. அவன் அம்மா மாதா கோயிலில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். காபி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கோயிலுக்கு வராமல் லேபிலேயே கிடந்தான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சொல்லிவிட்டேன். சில்லை எரித்தது அவன் இல்லை, நான் என்று.

அம்மா தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவனுக்குத் தெரியும் கண்ணு. நீ கழட்டுனத வாசல்ல நின்னு பாத்தானாம். நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தான். ஆஸ்பத்திரியில கதவு தொறக்கறப்பெல்லாம் நீதானான்னு பாப்பான்."

நான் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.